கிம்பல் பிடிக்கும் ஆட்டம், கைரோ கழிக்கும் ஆட்டம்

"வீடியோ ஆடுது, சரி பண்ணிக் கொடுங்க" என்று எடிட்டரிடம் வரும் ட்ரோன் கிளிப்புகளை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தால், ஒன்றின் ஆட்டத்துக்கும் மற்றதன் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஒன்றில் கோபுரம் நின்ற இடத்தில் நிற்கிறது, அதன் விளிம்புகள் மட்டும் நெளிகின்றன. இன்னொன்றில் படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் தொடுவானம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, சட்டென்று நிமிர்கிறது. மூன்றாவதில் காட்சி அசையவே இல்லை. கூர்மை மட்டும் விட்டுவிட்டுப் போய்த் திரும்புகிறது. மூன்றுக்கும் தொழிலில் ஒரே பெயர்தான்: ஷேக். மூன்றுக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது: எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் ஸ்டெபிலைசரை இழுத்துப் போட்டுப் பார்ப்பது. அதில் ஒன்று தேறலாம். மற்ற இரண்டும் இன்னும் கெட்டுப்போகும்.

ஆட்டத்தைச் சரிசெய்யும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கேமராவை அசையாமல் வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது? இன்று பறக்கும் கேமராக்களில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று கிம்பல்: மூன்று சிறு மோட்டார்கள் கேமராவைத் தாங்கி, வெளிச்சம் சென்சாரில் விழுவதற்கு முன்பே ஆட்டத்தைத் தடுத்துவிடுகின்றன. மற்றது மின்னணு நிலைப்படுத்தல்: கேமரா ட்ரோனோடு சேர்ந்து ஆடுகிறது, எவ்வளவு ஆடியது என்பதைத் திரும்பலை அளக்கும் கைரோ சென்சார் எழுதி வைக்கிறது, பதிவான பிறகு அந்த ஆட்டம் படத்திலிருந்து கழிக்கப்படுகிறது. வெளிச்சம் பதிவதற்கு முன்னா, பின்னா என்ற இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் ஷட்டர், ஃபில்டர், காற்று, இரவு, வெட்டு எல்லாமே பிரிகின்றன. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றதற்கு நஞ்சாகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்ட யோசனையெல்லாம் செய்து பார்ப்பதால்தான் நல்ல படங்கள் வீணாகின்றன.

இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. 2013 ஜனவரியில் டிஜேஐ நிறுவனத்தின் முதல் ஃபான்டம் வந்தபோது அதில் கேமராவே கிடையாது. வயிற்றுக்கடியில் கோப்ரோ கேமராவை மாட்டிக்கொள்ள ஒரு பிடி மட்டும் இருந்தது. அந்தக் காலத்து வீடியோக்களை இன்று பார்த்தால் நெளியலும் நடுக்கமும் கண்ணைக் குத்தும். அடுத்த ஆண்டு வந்த ஃபான்டம் 2 விஷன் பிளஸ், மூன்று அச்சுக் கிம்பலோடு கேமராவைச் சேர்த்தே கொடுத்தது. 2016இல் மடித்துப் பையில் வைக்கும் மேவிக் ப்ரோவிலும் அதே மூன்று அச்சு. நம் ஊர்க் கல்யாண வீடியோக்களில் மண்டபத்தின் மேலிருந்து வழுக்கிக்கொண்டு வரும் காட்சி சாதாரணமாகிப்போனது இந்த வழியில்தான்.

மற்ற வழி பந்தய ட்ரோன்களிலிருந்து வந்தது. முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டும் எஃப்.பி.வி. ட்ரோனில் கிம்பல் வைக்க முடியாது. குட்டிக்கரணம் போடும்போதும் சுவரில் மோதும்போதும் அது தாங்காது. அதனால் கேமராவை இறுகப் பொருத்திவிட்டு, ஆட்டத்தைக் கணக்குப் போட்டுக் கழிக்கும் வழியைத் தேடினார்கள். 2018இல் கோப்ரோ ஹீரோ 7 பிளாக்கில் வந்த ஹைப்பர்ஸ்மூத் கேமராவுக்குள்ளேயே இதைச் செய்தது. ரீல்ஸ்டெடி என்ற மென்பொருள் கைரோ தகவலை வைத்துக் கணினியில் இன்னும் நுட்பமாகச் செய்தது. 2020இல் கோப்ரோ அதை வாங்கிக்கொண்டது. இன்று கைரோஃப்ளோ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த வகைப் பறத்தல் உலகத்தின் கண்ணில் பட்டது 2021இல், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு பௌலிங் கூடத்துக்குள் ஒரே ஷாட்டாக நுழைந்து வளைந்து வந்த வீடியோவில். மனிதர்களுக்கும் உருளும் பந்துகளுக்கும் நடுவே அப்படிப் போக கிம்பல் ட்ரோனால் முடியாது. டிஜேஐ 2022இல் வெளியிட்ட அவாட்டா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஒரே ஒரு அச்சில் கிம்பல், மற்ற இரண்டு அச்சுக்கும் மின்னணுக் கழித்தல்.

கிம்பல் வேலை செய்யும் விதம், தலையில் குடத்தோடு வரப்பில் நடப்பவரின் கழுத்து செய்யும் வேலைதான். கீழே உடல் எப்படிச் சாய்ந்தாலும் குடம் நேராக நிற்கிறது. கேமராவோடு ஒட்டிய கைரோ சாய்வை அளக்கிறது; முன்பின் சாய்வு, பக்கச் சாய்வு, திரும்பல் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு மோட்டார் எதிர்த்திசையில் அந்த அளவு திருப்புகிறது. ஆனால் மோட்டாருக்கும் எடை உண்டு, தாமதம் உண்டு. காற்றில் ட்ரோன் தள்ளாடுவது, திரும்பும்போது சாய்வது போன்ற மெதுவான அசைவுகளை அது அழகாகப் பிடிக்கும். புரொப்பெல்லரிலிருந்து வரும் நுண்ணதிர்வு வேறு ஜாதி. நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும் மோட்டார் விநாடிக்கு 100 முறை உதறுகிறது. அந்த வேகத்துக்குக் கிம்பல் மோட்டார் ஈடுகொடுக்காது. அதை விழுங்குவதற்குத்தான் கிம்பலை ட்ரோன் உடலோடு இணைக்கும் தட்டில் சிறு ரப்பர்கள் இருக்கின்றன. விலை மலிவான, யாரும் திரும்பிப் பார்க்காத உறுப்பு அது. பல பிரச்சினைகளின் வேர் அங்கேதான் இருக்கும்.

மின்னணு முறையில் அசையும் உறுப்பே இல்லை. பல கோப்ரோக்களில் விநாடிக்குச் சுமார் 200 முறை கைரோ அளவு வீடியோவோடு சேர்ந்து எழுதப்படுகிறது. மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமையும் எதிர்ப்பக்கம் திருப்பி, ஓரங்களை வெட்டி எடுக்கிறது. திருப்ப இடம் வேண்டும் என்பதால் ஓர வெட்டு தவிர்க்க முடியாத விலை. 3840 பிக்சல் அகலமுள்ள 4கே படத்தை 10 விழுக்காடு பெரிதாக்கினால் உண்மையில் மிஞ்சுவது 3490 பிக்சல்தான். முழு எச்.டி.யில் கொடுப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. ரீல்ஸுக்காக நெட்டுக்குத்தாக வெட்டுபவருக்கு உறைக்கும். 4கே படத்திலிருந்து 9-க்கு 16 அளவில் வெட்டினால் முதலிலேயே 1215 பிக்சல் அகலம்தான் கிடைக்கும், அதிலும் ஓரம் போனால் என்ன மிஞ்சும்?

வெட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மின்னணு முறையின் உண்மையான பலவீனம் ஷட்டரில் இருக்கிறது. கைரோ கழிப்பது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையிலான ஆட்டத்தை. ஒரு ஃபிரேம் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே நிகழ்ந்த ஆட்டம் படத்துக்குள் கோடாக இழுபட்டுக் கிடக்கும். அதை எந்த மென்பொருளும் முழுதாக எடுக்காது. கணக்குப் போட்டே பார்க்கலாம். 80 பாகை அகலம் பார்க்கும் லென்ஸில், 4கே படத்தின் நடுப்பகுதியில் ஒரு பாகைக்குச் சுமார் 40 பிக்சல் வரும். கேமரா விநாடிக்கு 10 பாகை வேகத்தில் ஆடுகிறது என்று வையுங்கள். காற்றில் இது பெரிய ஆட்டமே இல்லை. ஷட்டர் 1/50 என்றால் திறந்திருக்கும் நேரத்துக்குள் கேமரா 0.2 பாகை திரும்பிவிடும். படம் 8 பிக்சல் இழுபடும். ஷட்டர் 1/500 என்றால் இழுப்பு ஒரு பிக்சலுக்கும் கீழே. முன்னதைக் கைரோஃப்ளோவில் போட்டால் ஆட்டம் போய்விடும், இழுப்பு அப்படியே இருக்கும். அசையாத படத்தில் கூர்மை மட்டும் விட்டுவிட்டுத் துடிக்கும். தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது கிளிப் இதுதான்.

என்.டி. ஃபில்டர் விஷயத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான். சினிமாத்தனமான அசைவு வேண்டுமென்றால் ஷட்டர் ஃபிரேம் வேகத்தின் இரு மடங்கில் இருக்க வேண்டும், அதாவது 25 ஃபிரேமுக்கு 1/50. வெயிலில் அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் போட வேண்டும். இந்தப் பாடம் கிம்பல் ட்ரோனுக்குச் சரியான பாடம். கேமரா உண்மையிலேயே அசையாமல் இருப்பதால், 1/50இல் ஓடும் காரின் சக்கரம் மட்டும் மென்மையாக இழுபடும், சாலையோரப் புளியமரம் கூர்மையாக நிற்கும். அதே ஃபில்டரை எஃப்.பி.வி. ட்ரோனில் போட்டுவிட்டு மின்னணு நிலைப்படுத்தலை நம்பினால் மரமும் இழுபடும். அங்கே ஃபில்டரைக் கழற்ற வேண்டும், ஷட்டரை 1/200க்கு மேல் ஏற்ற வேண்டும், ஆட்டம் அதிகமென்றால் இன்னும் மேலே போக வேண்டும். மென்மை வேண்டுமென்றால் எடிட்டிங்கில் செயற்கையாகச் சேர்த்துக்கொள்ளலாம். இழுபட்டதைத் திரும்பக் கூர்மையாக்க வழியில்லை.

கிம்பலுக்கும் ஃபில்டரால் ஒரு தொல்லை உண்டு. சிறிய ட்ரோனில் கேமராவின் எடை கிராம் கணக்கில் சமன் செய்யப்பட்டிருக்கிறது. பொருந்தாத கனமான ஃபில்டரை மூக்கில் மாட்டினால் கேமரா முன்பக்கம் தொங்கப் பார்க்கும், மோட்டார் ஓயாமல் அதைத் தூக்கிப் பிடிக்கும், ஆட்டத்தைப் பிடிக்க வேண்டிய தெம்பெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். நுண்ணிய நடுக்கமும் மோட்டாருக்கு அதிகச் சுமை என்ற எச்சரிக்கையும் வரும். அந்தந்த மாடலுக்கென்று வரும் ஃபில்டரை, ட்ரோனை ஆன் செய்வதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 249 கிராம் ட்ரோனில் ஃபில்டரோ பாதுகாப்புக் கூண்டோ சேர்ந்து 250 கிராமைத் தாண்டினால், இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அது நானோ வகுப்பை விட்டு மைக்ரோ வகுப்புக்குப் போய்விடும்.

இரண்டு முறைக்கும் பொதுவான எதிரி ஜெல்லோ என்று பறக்கவிடுபவர்கள் சொல்லும் நெளியல். கேமராவின் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. ஒரு ஃபிரேமைப் படிக்க 20 மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 100 முறை அதிரும் கேமரா அந்த நேரத்துக்குள் இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கும். நேரான தூண் இரண்டு வளைவோடு பதிவாகும். எடிட்டிங் மென்பொருளின் ஸ்டெபிலைசர் முழு ஃபிரேமையும் நகர்த்தும், அல்லது துண்டு துண்டாக வளைக்கும். ஒரே ஃபிரேமுக்குள் வரிக்கு வரி இவ்வளவு வேகமாக மாறும் வளைவை அது என்ன செய்யும்? கைரோ முறை வரி வாரியாகத் திருத்த முயலும், ஆனால் விநாடிக்கு 200 முறை அளக்கும் கைரோவால் 100 முறைக்கு மேற்பட்ட அதிர்வை அறியவே முடியாது. சிறிய எஃப்.பி.வி. மோட்டார்கள் அதற்கு மேலேதான் சுற்றுகின்றன.

இங்கே ஒரு முரண் வருகிறது. மெதுவான ஷட்டர் ஜெல்லோவை மறைக்கும். 1/50இல் ஒவ்வொரு வரியும் இரண்டு முழு அதிர்வுகளைச் சேர்த்தே பதிவு செய்துவிடுவதால் வளைவு மங்கி மறைகிறது. 1/2000இல் ஒவ்வொரு வரியும் கூர்மையாகப் பதிந்து, வளைவு பளிச்சென்று தெரிகிறது. கிம்பல் ட்ரோனில் "ஃபில்டர் போட்டதும் நெளியல் போய்விட்டது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. நோய் உள்ளேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கிம்பல் இல்லாத ட்ரோனில் வேகமான ஷட்டர் கட்டாயம் என்பதால் அந்த மறைப்பும் கிடைக்காது. எஃப்.பி.வி. காரர்கள் மோட்டார், புரொப்பெல்லர் விஷயத்தில் அத்தனை கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம். கிம்பல் ட்ரோன் வைத்திருப்பவர்களும் அந்தக் கறாரைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, புரொப்பெல்லரின் முன்விளிம்பில் அடியிலிருந்து நுனிவரை நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பொத்தல் நகத்தில் சிக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மடிப்பு ஆணிக்கு அருகே பிளாஸ்டிக் வெளுத்திருப்பது தெரியும். ஒரு முறை செடியில் உரசியிருந்தால்கூட அந்த வெளுப்பு வரும். அது வளைந்து மீண்ட இடம், அந்தப் பிளேடு இனி அதே கோணத்தில் காற்றை வெட்டாது. ஒரு மோட்டாரின் இரண்டு பிளேடுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் எடை ஒத்துப்போகாது. மாற்றிய பிறகு திருகாணியை அளவாக முறுக்க வேண்டும். மடியும் பிளேடு தன் எடையில் தொங்கி விரிய வேண்டும். இறுக்கிவிட்டால் சுற்றும்போது நேராக விரியாமல் உதறும். பிறகு மோட்டார் தலையை விரலால் சுற்றிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் மணலை அரைப்பதுபோல் நெருடினால் பேரிங் போய்விட்டது என்று பொருள். கடற்கரையில் இறக்கி ஏற்றிய ட்ரோன்களில் இது அடிக்கடி நடக்கும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை போதும். காற்றில்லாத விடியற்காலையில், இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் ட்ரோனை நிறுத்தி, ஃபில்டர் இல்லாமல், ஷட்டரை 1/1000இல் வைத்து, எதிரே ஒரு கட்டடத்தின் நேரான விளிம்பை அரை நிமிடம் எடுங்கள். விளிம்பு நெளிந்தால் குற்றவாளி மோட்டார், புரொப்பெல்லர், ரப்பர் ஆகிய மூன்றில் ஒன்று; காற்றின் மீதோ கையின் மீதோ பழி போட இடமில்லை. புதுப் புரொப்பெல்லர் போட்டு இதையே மீண்டும் எடுங்கள். அப்போதும் நெளிந்தால் கிம்பல் ட்ரோனில் ரப்பர்களைப் பார்க்க வேண்டும். ஒரு மூலையின் ரப்பர் மட்டும் துளையிலிருந்து வெளியே வந்து நிற்பது நான் அதிகம் பார்த்த கோளாறு. மெல்லிய குச்சியால் உள்ளே தள்ளிவிட்டால் முடிந்தது. இதற்காகக் கிம்பலையே மாற்றச் சொல்லும் ரிப்பேர் கடைகள் இருக்கின்றன என்பது வருத்தமான விஷயம்.

கிம்பல் இல்லாத ட்ரோனில் ரப்பருக்கு பதில் கேமராவைத் தாங்கும் மென்பிளாஸ்டிக் பிடி இருக்கும். இதில் பலர் ஒரு நுட்பத்தைத் தவற விடுகிறார்கள். கைரோவும் லென்ஸும் ஒரே உடலில் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். கோப்ரோவில் கைரோ உள்ளேயே இருப்பதால் பிடி கொஞ்சம் ஆடினாலும் கணக்கு தப்பாது. ஆனால் பறத்தலைக் கட்டுப்படுத்தும் போர்டில் பதிவாகும் கைரோவை எடுத்து வேறு கேமராவின் படத்தைத் திருத்துபவர்கள், அந்த கேமராவை மெத்தென்ற பிடியில் வைக்கக் கூடாது. போர்டு ஒரு விதமாக ஆடும், கேமரா வேறு விதமாக ஆடும்; மென்பொருள், படத்தில் இல்லாத ஆட்டத்தைக் கழித்து புதிய ஆட்டத்தைச் சேர்த்துவிடும். நேரம் பொருந்தாமல் சில மில்லிவிநாடி விலகினாலும் இதே கதிதான். லென்ஸ் விவரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் நடுப்பகுதி அமைதியாக இருக்கும், மூலைகள் மட்டும் அலையும். அப்படிக் கண்டால் ஆட்டத்தைத் தேட வேண்டாம், லென்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். இன்னொரு பொறி, எடுக்கும் முன்பே விழுவது: டிஜேஐயின் ஓ3 கேமராவில் உள் நிலைப்படுத்தலை அணைத்து, பார்வையை அகலமாக வைத்தால்தான் கைரோ தகவல் கோப்பில் பதியும். அதை மறந்து பறந்துவிட்டால் பிறகு கைரோஃப்ளோவில் செய்ய ஒன்றுமில்லை.

காற்றிலும் இரண்டின் தோல்வி வேறு வேறு முகம் காட்டுகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இறங்கும் காற்றில் ட்ரோன் பறக்கவிட்டவர்களுக்கு இது புரியும். பல மினி வகை ட்ரோன்களுக்குச் சொல்லப்படும் காற்று வரம்பு விநாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டரை ஒட்டி. தரையில் காற்று குறைவாகத் தெரிந்தாலும் தென்னந்தோப்புக்கு மேலே போனதும் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். காற்றை எதிர்த்து ட்ரோன் முழுவதுமாகச் சாய்ந்து நிற்கும்போது, கிம்பல் தன் கடைசித் திருப்பத்துக்கு வந்துவிடும். அதுவரை அசையாமல் இருந்த படம் ஒரு கணத்தில் சுவரில் மோதியதுபோல் உதறும், மேல் ஓரத்தில் புரொப்பெல்லர் தலைகாட்டும். கிம்பல் தோற்பது இப்படித்தான்: வரம்புக்குள் முழு அமைதி, வரம்பில் ஒரு வெட்டு. மின்னணு முறை இப்படி உடைவதில்லை. அசைவு பெரிதாகப் பெரிதாக ஓர இருப்பு கரைந்து, படம் மெல்ல இழுத்துக்கொண்டு நகரத் தொடங்கும், அல்லது ஓரத்தில் கறுப்பு எட்டிப்பார்க்கும். காற்றில் எஃப்.பி.வி. ட்ரோனுக்குத்தான் என் வாக்கு. கிம்பல் ட்ரோன்தான் கையில் இருக்கிறதென்றால், உயரத்தைக் குறையுங்கள், காற்றுக்கு எதிரே முன்னால் போகும் ஷாட்டைவிட காற்றோடு மெதுவாகப் போகும் ஷாட்டைத் தேர்ந்தெடுங்கள், ஸ்போர்ட் மோடைத் தொடாதீர்கள்.

இரவில் நிலைமை தலைகீழ். தெப்பத் திருவிழாவின் விளக்குகளையோ, அலங்காரம் செய்த மண்டபத்தின் முகப்பையோ எடுக்க ஷட்டர் 1/50க்கு இறங்கியே ஆக வேண்டும், சில நேரம் 1/25க்கும் போகலாம். கிம்பல் அதைத் தாங்கும். மின்னணு முறையால் முடியாது. வேகமான ஷட்டருக்காக ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் கருப்பெல்லாம் புழுதியாகும். அதோடு இன்னொரு வினை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண சீரியல் பல்புகளும் மலிவான எல்.இ.டி.களும் விநாடிக்கு 100 முறை மின்னுகின்றன. 1/50, 1/100 ஷட்டர்கள் முழு மின்னல்களைப் பிடித்துக்கொள்வதால் வெளிச்சம் சீராக இருக்கும். 1/500 ஒரு மின்னலின் துண்டை மட்டும் பிடிக்கும். படத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடும். மண்டபத்துக்குள் எஃப்.பி.வி. பறக்கவிட்டு எடுத்த பல வீடியோக்களில் "ஆட்டம்" என்று புகார் வருவது உண்மையில் இந்தப் பட்டைதான். இரவு வேலைக்கு எஃப்.பி.வி.யை ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த இடத்தின் விளக்குகளைக் கைப்பேசிக் கேமராவில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டால் மனவருத்தம் மிச்சம்.

ஆட்டமே இல்லாத ஆட்டமும் உண்டு. 30 ஃபிரேமில் எடுத்ததை 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் விநாடிக்கு ஐந்து ஃபிரேம் காணாமல் போகும். சீராகத் திரும்பும் ஷாட்டில் ஐந்து சிறு தடுக்கல்கள் தெரியும். பழைய லேப்டாப் எச்.265 கோப்பை ஓட்ட முடியாமல் திணறுவதும் அப்படியே தெரியும். எதையும் பிரிப்பதற்கு முன் கோப்பை வேறு கருவியில் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

கிம்பல் ட்ரோனுக்கே உரிய சில்லறைக் கோளாறுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். தொடுவானம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், சமமான மேசையில் வைத்துக் கிம்பல் அளவுத் திருத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். விழுந்த பிறகு சாய்வு வந்ததென்றால் கிம்பலின் கை வளைந்திருக்கலாம். அளவுத் திருத்தம் அங்கே தற்காலிக மறைப்பு. கேமரா திடீரென்று தலையைத் தொங்கப்போட்டு மீண்டும் எழுந்தால், கையைச் சுற்றி ஓடும் பட்டை வயரில் கிழிசல் தேட வேண்டும். ஷாட்டின் முடிவில் படம் சட்டென்று நின்று ஒரு வெட்டு வெட்டினால் கோளாறு இயந்திரத்தில் இல்லை, குச்சியை விடும் விரலில் இருக்கிறது. சினி மோடும், திரும்பலை மென்மையாக்கும் அமைப்பும் அதற்காகவே கொடுக்கப்பட்டவை.

இனி, கிம்பலில் எடுத்ததை மறுபடி எடிட்டிங்கில் நிலைப்படுத்தலாமா என்ற கேள்வி. சிறு உதறல் ஒன்றிரண்டுக்குச் செய்யலாம். ஆனால் அந்த ஸ்டெபிலைசருக்குக் கைரோ தெரியாது. படத்தில் எது நகர்கிறது என்று பார்த்து ஊகிக்கிறது. அலைகள் நிறைந்த கடல் காட்சியைக் கொடுத்தால் அலையைத் தரை என்று நம்பி, படகை ஆட்டிவைக்கும். தென்னங்கீற்றுகள் நிறைந்த காட்சியிலும் இதே கூத்து. ப்ரீமியரின் வார்ப் ஸ்டெபிலைசர் இயல்பாகவே படத்தைத் துண்டு துண்டாக வளைக்கும் முறையில் திறக்கிறது. இடம், அளவு, சுழற்சி மட்டும் திருத்தும் முறைக்கு மாற்றி, மென்மையாக்கும் அளவை அரைவாசிக்கும் கீழே இறக்கிப் போடுங்கள். கைரோ முறையின் பெரிய பெருமை இதில்தான்: அதற்குக் கடலும் தோப்பும் ஒன்றே, அது பார்ப்பது கேமராவின் திரும்பலை மட்டும்.

திரும்பலை மட்டும் என்பதை இரு முறைக்காரர்களும் மறந்துவிடக் கூடாது. மூன்று அச்சுக் கிம்பலோ கைரோவோ, கேமரா சாய்வதையும் சுழல்வதையும்தான் சரிசெய்கின்றன. ட்ரோன் மேலும் கீழுமாக ஏறி இறங்குவதை இரண்டும் தொடாது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் காருக்கு 3 மீட்டர் பின்னால் ட்ரோனைத் தொடரவிட்டு, அது 20 செ.மீ. ஏறி இறங்கினால், முன்பு சொன்ன அதே லென்ஸில் கார் சுமார் 150 பிக்சல் குதிக்கும். 100 மீட்டர் தொலைவில் இருக்கும் கோபுரம் அதே ஏற்ற இறக்கத்தில் 5 பிக்சல்கூட நகராது. நிலப்பரப்புக் காட்சியில் அற்புதமாக இருந்த ட்ரோன் கிட்டப் போனதும் ஆடுகிறது என்ற புகாருக்கு இதுவே விடை. அங்கே வேலை செய்ய வேண்டியது ஜி.பி.எஸ்., வயிற்றுக்கடியில் இருக்கும் தரை பார்க்கும் கேமராக்கள், உயரத்தை அளக்கும் காற்றழுத்த சென்சார். இவற்றில் தரை பார்க்கும் கேமராக்கள் கூட்டத்தின் மேலும் ஓடும் நீரின் மேலும் தடுமாறும். பின்னுக்கு வந்து 9 மீட்டர் தள்ளி எடுங்கள், குதிப்பு மூன்றில் ஒரு பங்காகும். அவ்வளவு கிட்டத்தில்தான் அந்த ஷாட் வேண்டுமென்றால், கைக்கிம்பலோடு காரின் பின்னால் நடந்து எடுப்பவரிடம் அதை விட்டுவிடலாம்.